பத்தொன்பது ஃபோல்டருக்கு உள்ளே

உன் ஹெட்ஃபோனை இன்று காதில் மாட்டினேன். பஞ்சு பாதி உதிர்ந்துவிட்டது. மீதிப் பஞ்சில் உன் தேங்காய் எண்ணெய் வாசனை அப்படியே இருக்கிறது. ஆள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, எண்ணெய் மட்டும் போகமாட்டேன் என்கிறது. உயிரோடு இருக்கும்போதே கேட்டேன், தலைக்குத் தடவுகிறாயா, தாளிக்கிறாயா என்று. காதில் வாங்கினாயா?

வெளியே சாரல். தென்காசியில் இந்த மாதம் எதுவும் முழுசாக நனைவதும் இல்லை, முழுசாகக் காய்வதும் இல்லை. மாடியில் நம் கடைச் சன்னலைத் திறந்தால் கோபுரவாசல் காற்று உள்ளே வந்து, பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறது. மலை தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. இந்த வெளிச்சத்தில் நீ உன் நாற்காலியில் இல்லை என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறேன்.

கடையை மாதக் கடைசிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். உன் கம்ப்யூட்டர் பழைய சாமான் எடுப்பவருக்குப் போகும். அதற்கு முன்னால் உன் வீட்டுக்காரி என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அண்ணாச்சி, அவுக குரலு எங்கனயாவது இருக்கான்னு பாருங்களேன். போட்டோ வீடு நெறைய கெடக்கு. சத்தம்தான் ஒண்ணுகூட இல்ல."

உண்மைதான். ஊரில் அத்தனை கல்யாணத்துக்கும் வீடியோ வெட்டி ஒட்டின நீ, ஒன்றில்கூட வாய் திறந்ததில்லை. உனக்குத் திக்குவாய். போன் அடித்தால் என்னிடம் நீட்டுவாய். வாட்ஸப்பில் எல்லாரும் பேசி அனுப்புவார்கள், நீ கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புவாய்.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். நீ இதே ஹெட்ஃபோனை மாட்டி, மைக்கை உதட்டுக்கு இழுத்துவைத்து உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் திரையை அணைத்தாய்.

"என்னலே பண்ணுத?"

"ஒ... ஒ... ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குலே மைக்கு?"

நீ டீயை வாங்கிக் குடித்தாய், அவ்வளவுதான். ஆகவே குரல் உள்ளே இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

நீ எதையும் ஒளித்துவைக்கப் பழகியதற்கு நான்தான் காரணம். ஒருநாள் திரையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாதியில் நின்றது. இறந்தவர் படத்தை எடுத்துவிட்டு உன் படத்தை ஒட்டிவிட்டு, நான் நல்லபிள்ளை மாதிரி வெளியே போய்விட்டேன். நீ கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டாய். சாயந்திரம் கட்டு வந்து இறங்கியது. நீ உயிரோடு உட்கார்ந்து அதைப் பிரித்தாய். அன்றிலிருந்து உனக்கு எல்லாமே ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர். நகையை மஞ்சள் துணியில் முடிந்து, டப்பாவில் போட்டு, டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைக்கிற ஆட்கள் மாதிரி.

"பா... பாஸ்வேர்டு போட்டா நீ கண்டுபிடிச்சிருவ. நடக்க வச்சாத்தாம்லே நீ தி... திரும்பிப் போவ" என்றாய். என் சோம்பேறித்தனத்தை உன்னளவுக்கு யாரும் படித்ததில்லை.

முதலில் ஒலிக் கோப்புகளைத்தான் தேடினேன். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டின. எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான் பெயர். கேட்டு முடிக்க எனக்கு இன்னொரு பிறவி வேண்டும். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற உன் மகளைக் கூப்பிட்டேன்.

"மாமா, அப்பா எதையும் ஆழத்துலதான வைப்பாக. இருக்கதுலயே ஆழமான ஃபோல்டர் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவோம். பத்து வரிதான். நான் சொல்லுதேன், நீங்க அடிங்க."

"ஏட்டி, நான் எட்டாங்கிளாஸோட நின்னவன்."

"நாப்பது வருசமா டைப் அடிக்கீகல்லா? அது போதும்."

விஷயம் எளிதுதான் என்றாள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழையும். மேலிருந்து எத்தனை படி இறங்கியிருக்கிறோம் என்று பார்க்கும். இதுவரை பார்த்ததைவிட ஆழம் என்றால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். எல்லாம் சுற்றி முடித்ததும் கையில் ஒரே ஒரு இடம் மிஞ்சும். ஏழாவது வரியில் சாரல் வலுத்து சிக்னல் போய்விட்டது. பாதியில் விடுகிற ஆளா நான்? மீதியை நானே எழுதி ஓட்டினேன்.

பதில் வந்தது. 'இலஞ்சி வரவேற்பு பேனர்', அதற்குள் 'மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர் விட்டுப்போனதைச் சேர்த்தது', அதற்குள் 'சித்தப்பா படத்தைப் பெரிதாக்கியது', அதற்குள் 'பெரியப்பா கோபித்ததால் சித்தப்பா படத்தைச் சிறிதாக்கியது'. உள்ளே அந்தச் சித்தப்பா தபால்தலை அளவில் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு தாங்காமல், இங்கன பாருலே என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

சிக்னல் வந்ததும் உன் மகளிடம் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள்.

"மாமா, நீங்க பேரோட நீளத்தல்லா அளந்திருக்கீக! எழுத்த எண்ணக்கூடாது, படிய எண்ணணும். ஃபோல்டர் பாதையில ஒரு படிக்கு ஒரு சாய்ஞ்ச கோடு இருக்கும். அத எண்ணச் சொல்லுங்க."

ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டேன். பழைய எந்திரம் முனகிக்கொண்டே உள்ளே இறங்கியது.

அது இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் குற்றாலத்தில் இருந்தேன். நிசமாகத்தான். சன்னலில் சாரல் புகை, எந்திரத்தின் இரைச்சல், கண் தானாகச் சொருகியது. விடிந்தும் விடியாத வேளை, மெயின் அருவி, உச்சியில் எண்ணெய் வழிய நீயும் நானும். தண்ணீர் தலையில் விழுந்ததும் நீ பேச ஆரம்பிப்பாய். அருவிக்கு அடியில் உனக்கு ஒரு எழுத்துகூடத் தடுக்காது. வாய் அசைவதைப் பார்த்தாலே தெரியும், நிற்காமல் ஓடும். ஆனால் என்ன சொல்கிறாய் என்று ஒருத்தருக்கும் கேட்காது. வெளியே வந்து "என்னலே சொன்ன?" என்பேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டு சிரிப்பாய். அங்கே நீ சொன்னதெல்லாம் சிற்றாறு வழியாக எங்கே போய்ச் சேர்ந்ததோ.

கண் விழித்தபோது திரையில் ஒரே ஒரு வரி நின்றது. பத்தொன்பது படி. ஃபோல்டருக்கெல்லாம் ஒரே பெயர், 'அ'. அவ்வளவு சின்னப் பெயராக வைத்ததால்தான் என் முதல் கணக்கில் தப்பியிருக்கிறாய். ஒரே அடியில் போய்த் திறந்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. 'அ'வைத் திறந்து அதற்குள் 'அ', அதற்குள் 'அ' என்று பத்தொன்பதையும் நடந்தே போனேன்.

உள்ளே முப்பத்தோரு ஒலிப்பதிவுகள். முதலாவதை ஓடவிட்டேன்.

"எ... எ... எங்க ம..."

ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். இரண்டாவதும் அதே. ஐந்தாவதில் நீ யாரிடமோ சொல்வதுபோல், "டீ வாங்கப் போயிருக்கான், வ... வந்துருவான்" என்கிறாய். ஒன்பதாவதில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. "எங்க மகள..." என்று ஆரம்பித்து, "உங்க வீட்டுக்கு..." வரை வந்துவிட்டாய்.

அதே வருடம் உன் மகளின் நிச்சயதார்த்தம், இலஞ்சி மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் பண்பொழியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணைப் பெற்றவன் எழுந்து, மகளைத் தருகிறோம் என்று சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீ எழுந்தாய். "எ... எ..." என்றாய். சபை உன் வாயைப் பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்து, "எங்க மகளத் தாறோம்னு சொல்ல வாறான்! இவன் சொல்லி முடிக்கதுக்குள்ள பந்தி ஆறிப்போவும், நானே சொல்லிட்டேன், தட்ட மாத்துங்க!" என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய், உட்கார்ந்தாய். பந்தியில் என் இலைக்கு நீயே பாயசம் ஊற்றினாய். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் இந்த மூன்று வருடமும் நினைத்திருந்தேன்.

நீ அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு மாதம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகியிருக்கிறாய். நான் டீ வாங்கப் போகும் நேரமாகப் பார்த்து. ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லையே, ஏம்லே நான் சொல்ல வேண்டியத நீ சொன்ன என்று.

மறுநாள் எல்லாவற்றையும் என் போனில் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு என் வாய் என்ன செய்தது என்பதையும் சேர்த்து. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவுக பழகுனது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டாக. போடுங்க, கேப்போம்."

உன் வீட்டுக்காரியின் போனில் உன் மகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டோம். கடைசிப் பதிவைப் போட்டேன்.

"எங்க ம..." என்றாய். நின்றுவிட்டாய்.

பதிவுக்குள்ளும் சாரல் பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. நீ வரவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. உன் வீட்டுக்காரி சட்டென்று உள்ளங்கையைக் காட்டினாள்.

"சும்மா இருங்க அண்ணாச்சி. அவுகளே சொல்லுவாக."

இருந்தோம். பிறகு நீ வந்தாய்.

"எங்க மகள உங்க வீட்டுக்குத் தாறோம். முழுச் சம்மதம். நல்லா வச்சுக்கிடுங்க."

ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து உன் மகள், "சரிப்பா" என்றாள்.

நீ நின்ற அந்த இடம் எவ்வளவு நேரம் என்று போன் காட்டுகிறது. ஒன்பது வினாடி. ஐம்பது வருடப் பழக்கத்தில் ஒருமுறைகூட அதை நான் உனக்குக் கொடுத்ததில்லை. இப்போது டீக்கடையில் எவனாவது வார்த்தை கிடைக்காமல் திணறினால், மனசுக்குள் ஒன்பது எண்ணுகிறேன். கிழவன் திருந்திவிட்டான் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருக்கிறது. நம்பாதே. சில நாள் ஏழிலேயே வாய் திறந்துவிடுகிறது. பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்லே.