அப்பாவின் கம்ப்யூட்டர் அணையாமல் இருந்த காரணம்

மரியே வாழ்க

திண்டிவனம்
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் பிரபாவதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை உஸாமாவும் குழந்தை அர்ஷியாவும் சார்ஜாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். சர்க்கரை மாத்திரை போடுகிறேன், இரண்டு வேளை சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். நீ என் போனை எடுக்காமல் இன்றோடு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா சாவுக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை யாரோ புண்ணியவான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டான், அதில் உன் பெயர் இல்லை, அன்றிலிருந்து நீ பேசவில்லை. நானாக இருந்தாலும் பேசமாட்டேன். ஆனால் இப்போது நான் சொல்லப்போவதை நீ கேட்டே ஆகவேண்டும், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். கோட்டக்குப்பம் போய் உன் மாமியார் சபியா பீவி கையிலேயே இதைக் கொடுக்கப்போகிறேன், அவர்கள் தெருவில் ஒருவர் அடுத்த வாரம் சார்ஜாவுக்குப் புறப்படுகிறாராம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருசம் டயாலிசிஸ் ஆரம்பித்த உடனேயே அப்பா தன்னுடைய போஸ்டரைத் தானே டிசைன் செய்து, விழுப்புரத்தில் நாம் வழக்கமாக அச்சடிக்கும் பிரஸ்ஸில் ஒரு காப்பி கொடுத்து வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் சாவு போஸ்டர் போட்ட கை அல்லவா, என் போஸ்டரை வேற எவனாவது பண்ணா நாசம் பண்ணிக்கினு நிப்பான் என்று சொல்லிச் சிரித்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனதும் உன் அண்ணன் தேவா நேராக அந்தப் பிரஸ்ஸுக்குப் போய் ப்ரூஃப் எடுத்துக்கொண்டு வந்தான். துயரத்தில் வாடும் மனைவி, மகன் தேவா, மருமகள் கலைப்பிரியா. உன் பெயர் இல்லை. நான் பார்த்தேன் பிரபா. முப்பது வருசமாக நம் கடையில் நான் அடியில் "பார்த்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் அச்சுக்குப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். எழுத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் நிறுத்திவிடுவேன், பெற்ற மகளே விட்டுப்போயிருந்தாள், நிறுத்தவில்லை. ஆறு வருசத்துக்கு முன்னால் நீ மாப்பிள்ளையோடு போனபோது அப்பா, அவ பேர இந்த வூட்ல எவனும் எடுக்கக் கூடாது என்றாரே, சாகும்போதும் அதே முடிவில்தான் இருந்திருக்கிறார், அதை மாற்ற நான் யார் என்று நினைத்தேன். பார்த்தேன், சரி என்று எழுதிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேம்பாலம் வரைக்கும் ஒட்டினார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

இனி கம்ப்யூட்டர் விசயத்துக்கு வருகிறேன், சம்பந்தம் இருக்கிறது, அவசரப்படாதே. அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்று காலையிலும் அவர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது, ஆம்புலன்ஸ் வந்தது, ஏறும்போது அத்த ஆஃப் பண்ணிட்டு வா சவுரி என்றார். நானும் ஆஃப் போட்டேன், அது அணைகிற வரைக்கும் நிற்க நேரமில்லை. அடக்கமெல்லாம் முடிந்து வந்து பார்த்தால் ஓடிக்கொண்டே இருக்கிறது. திரும்ப ஆஃப் போட்டால் ஏதோ ஒன்று இன்னும் மூடவில்லை என்று இங்கிலீசில் எழுதிக்காட்டுகிறது, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, பழையபடி முழித்துக்கொள்கிறது. தூங்க வைக்கிற பட்டனைப் போட்டாலும் கண்ணை மூடி ஐந்து நிமிசத்தில் திறந்துகொள்கிறது. கரண்டு போனாலும் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. தேவா பத்தாம் நாள் ஒரகடம் வேலைக்குத் திரும்பிவிட்டான், பொத்தானை அழுத்திப் புடிச்சா பொசுக்குனு நின்னுடும்மா, ஏன் பேஜாரு புடிச்சுக்கினு கிடக்கிற என்று போனில் சொன்னான். அப்பா யாரையும் அப்படி அணைக்க விட்டதில்லை, ஊர்க்காரர் கல்யாணமும் சாவும் அதற்குள்தான் இருக்கிறது என்பார். அதனால் நான் தொடவில்லை. உள்ளதைச் சொன்னால், ஆளில்லாத கடையில் அந்த ஃபேன் சத்தம் எனக்குத் துணையாகவும் இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கடையைத் திறக்கலாம் என்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜைக் கூப்பிட்டேன். பாவம், இரண்டு நாள் வந்து மெனக்கெட்டான். மவுஸ்தான் எழுப்பிவிடுகிறது என்று மவுஸைப் பிடுங்கினான், பிறகு பிரிண்டர், பிறகு நெட் வயர். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொரு தடவையும் அணைத்துப் பார்த்தான், அது அசையவில்லை. கடைசியில் டிசைன் போடுற கோரல் தொறந்து கீதுன்னு காட்டுதும்மா, ஆனா சன்னல் எங்கயும் வரல, இதுக்கு இன்னொரு ஸ்கிரீன் இருந்துச்சா என்று கேட்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா எப்போதும் வலதுபக்க ஸ்கிரீனில்தானே டிசைன் செய்வார். அடக்கத்தன்று, கருப்பாகக் கிடந்த அந்த ஸ்கிரீனை அதன் பட்டனில் அணைத்துவிட்டு, அதன்மேல் சாய்த்துத்தான் அவர் படத்தை வைத்து மாலை போட்டிருந்தேன். வயரை நான் பிடுங்கவில்லை, அதனால் கம்ப்யூட்டருக்கு அந்த ஸ்கிரீன் இருப்பதாகத்தான் கணக்காம். ஆனந்தராஜ் படத்தை இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு தரம் ஆஃப் கொடுத்து ஸ்கிரீனைப் போட்டான். அது வெளிச்சமாகிற நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே ரோட்டுக்குப் போய்விட்டான்.

அங்கே அப்பாவின் போஸ்டர் இருந்தது பிரபா. விழுப்புரம் பிரஸ்ஸில் இருந்த பழையது இல்லை, ஆம்புலன்ஸ் வந்த காலையில் அவர் திருத்திக்கொண்டிருந்தது. தேவா, கலைப்பிரியாவுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. மகள் பிரபாவதி, மருமகன் உஸாமா, பேத்தி அர்ஷியா. குழந்தையின் பெயரை அவரிடம் நான் சொன்னதே கிடையாது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு ரகசியமாகப் பேசுவேனே, அதை வெளியே நின்று கேட்டிருக்கிறார் மனுசன். நாலு வருசம் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அந்த வரிக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி நின்றது. மாற்றியதைச் சேமிக்கவா வேண்டாமா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆஃப் போட்ட அன்றே கேட்டிருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் அணையவில்லை. அத்தனை நாளும் அவர் படத்துக்குப் பின்னால் அது காத்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டே கை தானாகப் போனது. ப்ரூஃப் பார்க்கும்போது நான் எதையாவது தெரியாமல் தொட்டு டிசைன் கலைந்துவிடும் என்று அப்பா ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார், அது எது கேட்டாலும் நோ போட்டுடு, ஒரிஜினல் கெடாது என்று. முப்பது வருசப் பழக்கம். நோ போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. கோரல் மூடியது. ஃபேன் மெதுவாகி நின்றது. அத்தனை நாளாக அடம்பிடித்தது, நல்ல பிள்ளையாக அணைந்துவிட்டது. கடைக்குள் சத்தமே இல்லை. நான் போட்ட கூச்சலில் ஆனந்தராஜ் ஓடிவந்தான். திரும்ப ஏற்றி ஒரு மணி நேரம் தேடினான், பேக்கப் என்கிறான், டெம்ப் என்கிறான், ஒன்றும் அகப்படவில்லை. சேவ் பண்ணாதத எங்கேர்ந்தும்மா கொண்டாற முடியும் என்று அவனும் கண் கலங்கினான். இருப்பது பழைய ஃபைல்தான், நீ இல்லாதது. தேவாவிடம் சொன்னால், அழுதுக்கினே எதையாவது பாத்திருப்ப, உடு என்கிறான். பார்த்தது நான் ஒருத்திதான். ஒரு தரம் தெரிந்து கையெழுத்துப் போட்டு உன்னை விட்டேன், இன்னொரு தரம் தெரியாமல் அழித்தேன், இரண்டும் இந்தக் கைதான். எனக்கு நெஞ்சு ஆறவில்லை. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அப்பா உன்னைச் சேர்த்துக்கொண்டுதான் போனார் என்பதை மட்டும் நம்பு. எனக்கு வேறு சாட்சி கிடையாது.

மல்லாட்டையை வறுத்து வெல்லப்பாகில் கடலை உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்புகிறேன், குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் கொடுக்காதே, சளி பிடிக்கும். மாப்பிள்ளையை வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். வருசாந்திர போஸ்டரை நானே பக்கத்தில் உட்கார்ந்து போட வைப்பேன், அதற்கு நீங்கள் மூன்று பேரும் வரவேண்டும். கர்த்தர் உங்களை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். போனை மட்டும் ஒரு தடவை எடு கண்ணு, பேசக்கூட வேண்டாம், எடுத்தால் போதும். அப்பா போட்டிருந்தபடியே, வரி மாறாமல், கீழே என் கையால் எழுதியிருக்கிறேன்.

துயரத்தில் வாடும்
மனைவி சவுரியம்மாள்
மகன் தேவா, மருமகள் கலைப்பிரியா
மகள் பிரபாவதி, மருமகன் உஸாமா, பேத்தி அர்ஷியா

பார்த்தேன், சரி.
அம்மா சவுரியம்மாள்