இல்லாத மூட்டையைப் பார்த்த தம்பிக்கு

என் செல்லத் தம்பி சூசைக்கு,

உன் பெயரில் நினைவுப் போட்டி வைக்கப்போகிறார்களாம். மல்லாந்து நீந்தும் போட்டி. அதுவும் நீ மூழ்கிய அதே ஆற்றில்! கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? ஊரும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகவே சொல்கிறேன்.

ருவான்வெல்லைப் பக்கத்து நம் தோட்டத்தில் வெள்ளம் தொங்குபாலத்தை அடித்துக்கொண்டு போன பிறகு, அக்கரையில் ரப்பர் பால் வெட்டும் நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்தோம். மாற்றுச் சேலையையும் சோற்றையும் மூட்டையாகக் கட்டி உன் நெஞ்சில் வைப்போம். நீ மல்லாந்து படுத்து, ஒரு கையால் மூட்டையைப் பிடித்து, மறு கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவாய். ஒரு நாள்கூட எங்கள் சோறு நனைந்ததில்லை. அந்த நீச்சல்தான் உன்னைக் கேகாலைப் பள்ளிக்கூட அணிக்கும், பிறகு நாட்டின் அணிக்கும் கொண்டுபோனது.

பல நாடுகள் கலந்துகொண்ட அந்த விளையாட்டு விழாவில் உன் இறுதிப் போட்டியை நம் லயத்து வீட்டுச் சனமெல்லாம் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. "சூசை முன்னுக்கு போறான்டி!" என்று என்னோடு பால் வெட்டும் பார்வதியக்கா குதித்தார். சுவரைத் தொடக் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அப்போது நீ தலையைத் தூக்கி உன் நெஞ்சைப் பார்த்தாய். பக்கத்தில் வந்தவன் முந்திவிட்டான்.

ஏன் பார்த்தாய் என்று அறிவிப்பாளருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. மூட்டை நனைந்துவிட்டதா என்று பார்த்தாயடா, இல்லாத மூட்டையை! "மல்லி, அஹச பலன்ன" என்று உன் சிங்களக் கோச் எத்தனை தடவை கத்தியிருப்பார்? தம்பி, வானத்தைப் பார் என்று அவர் சொன்னால் நீ நெஞ்சைத்தான் பார்ப்பாய். தங்கம் போய் வெள்ளி வந்தது.

வரவேற்புக் கூட்டத்தில் தோட்டத்து மேனேஜர் தொரை மைக்கைப் பிடித்து, "பாலம் இருந்திருந்தா நமக்கு இந்த மெடல் கெடச்சிருக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் சிரித்தாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். அதே மைக்கில் பாலத்தைக் கேட்டிருக்கக் கூடாதா?

அடுத்த வருடம் நீ வீட்டுக்கு வந்திருந்தாய். இங்கே வெயில் அடித்த நாளில் மேலே மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கியது. கயிறே தெரியவில்லை. இன்றைக்கு வேலை வேண்டாம் என்றோம். எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கேட்கவில்லை. "நம்ம சாம்பியன் இருக்காருல்ல? மொதல்ல மூட்டைய கொண்டு போகட்டும். தண்ணி கொறஞ்சதும் நீங்க வாங்க" என்றார்.

நீ இறங்கினாய். நடு ஆற்றில் அடித்து வந்த மரம் உன்மேல் மோதியது. அப்போதும் ஒரு கை மூட்டையில்தான் இருந்தது. விட்டிருக்கலாமேடா! நாலு சேலையும் கொஞ்சம் சோறும் உன் உயிருக்குச் சமமா?

போன கிழமை, தோட்டத்தில் எங்கள் நலனைக் கவனிக்க வைத்திருக்கும் நலன்புரி ஐயா வீட்டுக்கு வந்தார். "அக்கா, நீங்கதான் கொடியசைச்சு போட்டிய ஆரம்பிச்சு வைக்கணும்" என்றார்.

"பாலம் எங்கங்க ஐயா?" என்றேன்.

"அது வேற விஷயம்ங்க."

வேறு விஷயமா? உன் சாவும் வேறு விஷயமா? உன் படத்துக்கு மாலை போட இவர்களுக்கு நேரம் இருக்கிறது. நாங்கள் இன்னும் ஈரச் சேலையோடு, அட்டைகள் காலைக் கடிக்க நின்று பால் வெட்டுகிறோம்.

நேற்று பெண்களெல்லாம் கோயில் வாசலில் கூடினோம். "இனி நாம தண்ணியில கால வைக்க வேணாம்டி" என்று பார்வதியக்காதான் ஆரம்பித்தார். ஒருத்தியும் மறுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அக்கரை மரங்கள் சும்மா நிற்கும்.

போட்டியன்று நானும் போவேன். கொடியை வாங்கிக்கொள்வேன், அசைக்க மாட்டேன். எங்கள் பிள்ளைகள் யாரும் ஆற்றில் குதிக்க மாட்டார்கள். பாலம் கட்டினால் உன் பெயர் வைப்பார்களாம். பெயர் யாருக்கடா வேண்டும்? காய்ந்த சேலையோடு நாங்கள் அக்கரைக்கு நடந்து போக வேண்டும். அதுவரை ஒருத்தியும் இறங்க மாட்டோம். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த அக்கா,
செல்வமேரி