மாப்பிள்ளை விட்டுக்கொடுத்த பாடு

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ஜோதிலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாப்பிள்ளை, ரோஜா நால்வரும் சுகமாக இருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் உன் பெண்டிகோ ஊரில் இப்போது குளிர் கடுமை என்று நீ சொன்னதிலிருந்து உன் சுகத்தைப் பற்றித்தான் யோசனை. காலுறை இரண்டு போட்டுக்கொண்டாவது வேலைக்குப் போ. தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று உன் அம்மா கேட்கிறாள். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும், நான் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் ரோஜா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு சொல்ல வேண்டியது மாப்பிள்ளையைப் பற்றியது. அவரை எதிரில் வைத்துக்கொண்டு சொல்ல எனக்குக் கூச்சம், அவரோ தானாகச் சொல்லவே மாட்டார். எழுத்திலாவது சரியாகச் சொல்கிறேனா என்ற சந்தேகம் இப்போதும் இருக்கிறது, எங்காவது தடுமாறியிருந்தால் நீயே நேராக்கிப் படித்துக்கொள்.

விசா அலுவலகம் கேட்ட கூடுதல் விவரங்களை எல்லாம் நம் விசா ஏஜெண்ட் கிறிஸ்டினா வியாழக்கிழமை ஏற்றிவிட்டார். இனி அவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதுதான். நீங்கள் இருவரும் உண்மையாகவே கணவன் மனைவியா, ஊரார் அறிய அப்படி வாழ்ந்தீர்களா என்று அவர்கள் கேட்டிருந்ததைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கும்போது இது என்ன கேள்வி என்று. பிறகு அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் நாலு வருடம் நீ அங்கே, அவர் இங்கே. உன் ஆதாரில் நம் வீட்டு முகவரி, அவர் ஆதாரில் பழவேற்காட்டுப் பக்கம் அவர் ஊர் முகவரி. இரண்டு பேர் பெயரிலும் சேர்ந்து ஒரு பேங்க் கணக்கு இல்லை. கல்யாண ஆல்பத்தில் நீங்கள் இருவர் மட்டும் நிற்கிற படம் ஒன்றாவது இருக்குமா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், எல்லாவற்றிலும் நடுவில் யாராவது சொந்தக்காரர் நிற்கிறார், ஒன்றில் நானே நிற்கிறேன். கெமிக்கல் கம்பெனி ஆய்வகத்தில் காலமெல்லாம் மாதிரி சோதித்தவன் நான். பெயர்ச் சீட்டு ஒட்டாத பாட்டில் வந்தால், உள்ளே இருப்பது என்னவென்று வாசனையிலேயே தெரிந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த அதிகாரியும் அப்படித்தானே. சீட்டு ஒட்டாமல் அனுப்பியது நம் குறை.

பெண்ணின் அப்பா என்ற முறையில் என்னையும் ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார் கிறிஸ்டினா. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். உருக்காலையில் கையைச் சுட்டுக்கொண்டு வந்தவருக்கு நர்ஸாக இருந்த நீ ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதில் தொடங்கி, ரோஜா பிறந்தது, நீ அங்கே போன பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக அவர் நம் வீட்டில் வந்து தங்கியது வரை எல்லாவற்றையும் வரிசைப்படி எழுதியிருந்தேன். படித்துவிட்டு அந்தப் பெண் போன் செய்தார். சார், தப்பா நினைக்காதீங்க, இதைப் படிச்சா உங்களுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கு என்றார். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் ‘எனக்குத் தெரிந்தவரை’ என்றுதான் ஆரம்பிக்கிறது. என் மகளும் மருமகனும், எனக்குத் தெரிந்தவரை, அன்பாக இருக்கிறார்கள். இப்படி எழுதிப் பழகிய கை, என்ன செய்வது. உங்கள் வீட்டுக்கு வெளியே, ஊர் இவர்களைக் குடும்பமாக ஒத்துக்கொண்டதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கிறிஸ்டினா கேட்டதை இரவு சாப்பிடும்போது சொன்னேன். மாப்பிள்ளை ரோஜாவுக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார், “எங்க ஊர்ல நான் ஒரு தலைக்கட்டு மாமா. கண்ணாலம் ஆனவனுக்குத்தானே பாடு குடுப்பாங்க. அத வுட இன்னா வோணும்.”

இதை அந்த அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்க நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான், அதனால் ஊரார் சீட்டுக் குலுக்கி முறைவைத்து வலை போடுகிறார்கள், அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர், பாடு தனி ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு, ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிப் பெண்ணைக் கூட்டி வந்து ஊருக்கு வரி கட்டினால்தான் அவனைத் தலைக்கட்டு என்று சேர்த்துக்கொண்டு பாடு தருவார்கள், ஆகவே என் மருமகன் சரவணனுக்குப் பாடு இருக்கிறது என்றால் ஜோதிலட்சுமி அவர் மனைவி என்று அந்த ஊர் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. இப்படி எழுதினேன். எழுதும்போதே எனக்கு வியப்பாக இருந்தது, இத்தனை வருடம் மாப்பிள்ளை ஷிப்டு மாற்றிக்கொண்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பாடு வரும்போதெல்லாம் பைக்கில் ஏரிக்கு ஓடியதை மேல்வருமானத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். உன் பெயரையும் அல்லவா அவர் அங்கே விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்.

ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்க மாப்பிள்ளையோடு நானும் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பைக்கில் பின்னால் உட்கார எனக்குப் பயம், பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடியே பழவேற்காடு வரை போய்ச் சேர்ந்தேன். கூட்டத்துக்கு முன்னால் அவருடைய சிநேகிதன் லோகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னான். “ஆஸ்திரேலியா பேச்சையே எடுக்காதடா. லோனுக்குக் கேக்குறாங்கன்னு சொல்லு. உன் பாடு வரும்போது நான் வலை போட்டுக்கினு இருக்கேன், பாதி உங்கம்மா கையில குடுத்துர்றேன். யாருக்கு இன்னா தெரியப்போவுது.” லோகுவைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது, உன்னிடம் மறைப்பானேன். முறைக்கு வந்து வலை போட முடியாத தூரத்துக்குக் குடிபோகிறவன் பாட்டை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. விசா கிடைக்குமோ கிடைக்காதோ, கிடைப்பதற்கு முன்னால் எதற்கு வாயைத் திறப்பது என்று நினைத்தேன். மாப்பிள்ளை லோகுவின் தோளைத் தட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

கோயிலுக்கு எதிரே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் அப்பாவு, இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்டதும் மாப்பிள்ளை எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. “நானும் ஜோதியும் புருசன் பொஞ்சாதிதான்னு அந்த ஊர்க்காரனுக்கு நீங்க சொல்லணும் பெரியப்பா. அவ அங்க தனியா கீறா. நான் கொயந்தைய இட்டுக்கினு அங்கயே போறேன். போனா வலை போட வரமாட்டேன். அதனால என் பாட்ட இன்னிக்கே எடுத்துடுங்க. பரத்துக்குக் கண்ணாலம் ஆயி அவன் காத்துக்கினு கீறான், அவனுக்குக் குடுங்க.” கூட்டம் கொஞ்ச நேரம் சலசலத்தது. பின்னாலிருந்து ஒருவர், இவன் பொண்டாட்டி சம்பாதிக்கப் போவா, இவன் ஊட்ல சோறாக்கப் போறான் என்றார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, “ஆமாண்ணே, நல்லாவே ஆக்குவேன், வந்தா உனக்கும் போடுறேன்” என்றதும் கேலி செய்தவரே சிரித்துவிட்டார். விசா வரலைன்னா என்னடா செய்வ என்று அப்பாவு கேட்டார். “வரலன்னா வரிசையில கடைசி ஆளா வந்து நிக்கிறேன் பெரியப்பா.” அவ்வளவுதான் சொன்னார். கடைசி ஆளாக நின்று மறுபடி பாடு கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், அவர் கையை விரித்தார். மாப்பிள்ளை முகத்தில் கலக்கம் ஒன்றும் இல்லை.

உன் மாமியார் கோவிந்தம்மா ஆண்கள் கூட்டத்துக்கு அப்பால் நின்றவர், அங்கிருந்தே குரல் கொடுத்தார். “எம்புள்ள பாட்டதான் வுட்டான், ஊர வுடல. திருவிழா வரிய அவன் பேர்லயே நான் கட்றேன். அந்தப் பேர அழிக்கிற வேல வெச்சுக்காதீங்க.” அப்பாவு சரி என்று தலையாட்டினார். பாடு பரத்துக்கு, பெயர் பெயராகவே இருக்கும் என்று முடிவானது. பிறகு, நீங்க படிச்சவரு நீங்களே எழுதுங்க என்று காகிதத்தை என்னிடம் தந்தார்கள். எழுதி உரக்கப் படித்தேன், ‘எங்களுக்குத் தெரிந்தவரையில்’ என்று. அப்பாவு கையைக் காட்டி நிறுத்தினார். “இன்னாங்க தெரிஞ்ச வரிக்கும்? நாங்க அத்தினி பேரும் உக்காந்து துன்ன கண்ணாலம் அது.” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடித்துவிட்டு வேறு தாளில் சுத்தமாக எழுதினேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் ரேகை வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னுடைய வாக்குமூலத்தையும் எடுத்து அந்தச் சொல்லை வந்த இடமெல்லாம் அடித்தேன், அது பாதியாகச் சுருங்கிவிட்டது. மறுநாள் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய், கோர்ட்டுக்கு எதிரே மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தும் வாங்கி வந்தேன். என் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது இந்த முறை யோசிக்கவில்லை. வந்து காட்டியபோது உன் அம்மா, நல்லா எழுதிட்டீங்க, பேத்திய வண்டி ஏத்தி அனுப்புற பேப்பர இவ்ளோ நல்லா எழுதணுமா என்றாள். சொல்லிவிட்டு அவளே பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். அவளைப் பற்றிக் கவலைப்படாதே, குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எந்த அளவு வாங்குவது என்று உன்னைத்தான் கேட்கச் சொல்கிறாள்.

ஏற்கெனவே சீட்டில் விழுந்திருந்த ஒரு முறையை மட்டும் முடித்துவிட்டுப் போகட்டும் என்று ஊரில் விட்டுக்கொடுத்தார்கள். புதன்கிழமை அதுவும் முடிந்தது. பை நிறைய இறால் கொண்டுவந்தார். வழக்கமாக இது எந்த இடத்தில் விழுந்தது, தண்ணீர் எப்படி இருந்தது என்று ரோஜாவுக்குக் கதை சொல்லிக்கொண்டே உரிப்பார், அன்று பேசாமல் உரித்தார். ரோஜா கேட்டுக்கேட்டு அலுத்து என்னிடம் வந்துவிட்டாள். வலையைக் கழுவிப் பரத்திடமே கொடுத்துவிட்டு வந்தாராம். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இறால் உரித்துக் கொடுத்தேன், எனக்கு அது சரியாக வராது, ஆனாலும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் பழையபடி ஆகிவிட்டார், ரோஜாவின் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். உருக்காலையில் அவர் மேலே கிரேனில் உட்கார்ந்தால் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவர் கையைப் பார்த்துத்தான் நகர்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் அங்கே வந்து பஸ்ஸில் எப்படி ஏறுவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது தெரிந்துதான் கிளம்புகிறார்.

ஜோதி, புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டா தெரியவில்லை, நீயே தனியாகப் போய் அந்த ஊரில் நின்று காட்டியவள். இருந்தாலும் சொல்கிறேன். எல்லாப் படிவத்திலும் நீ அழைக்கிறவள், அவர் அழைக்கப்படுகிறவர் என்று எழுதி எழுதி எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது. வீட்டுக்குள் அந்தச் சொற்கள் வர வேண்டாம். அவர்கள் இறங்கும் அன்று டாக்சி அனுப்பாதே, லீவு கிடைக்காவிட்டால் கெஞ்சியாவது வாங்கிக்கொண்டு மெல்போர்ன் விமான நிலையத்துக்கு நீயே போய் நில். பாட்டை விட்டுக்கொடுத்ததை நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோலக் கேள். இன்னொன்று. உங்கள் மாநிலத்தில் தூண்டில் போடுவதற்கும் லைசென்ஸ் வாங்க வேண்டுமாம், இணையத்தில் படித்தேன், இரண்டு இடத்தில் சரிபார்த்தும் விட்டேன். உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஏரி ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். அவர் வந்து சேர்ந்ததும் அந்த லைசென்ஸ் ஒன்று எடுத்துக் கொடு. உன் கணவர் என்று எங்கும் போடாமல் அவர் பெயர் மட்டும் இருக்கிற முதல் காகிதமாக அந்த ஊரில் அது இருக்கட்டும்.

விசா வரும். எனக்குத் தெரிந்தவரை என்று இதற்கு முன்னால் சேர்த்திருப்பேன், இப்போது சேர்க்கவில்லை.

நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் ஒரே கூரையின் கீழ் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு. கம்பளிச் சட்டை அளவை மறக்காமல் சொல், உன் அம்மா நாளைக்கே கடைக்குப் போகத் தயாராக இருக்கிறாள்.

உன் அப்பா
ராஜவேலு