என் ஆறு பல்லில் கை வைக்காதே

ஜூலை 14, திங்கள்

ஆடி இன்னும் பிறக்கவில்லை, காற்று மட்டும் முந்திக்கொண்டது. மதுரை சிம்மக்கல் முழுக்கப் புழுதி. பல் கிளினிக் வாசலை இரண்டு தடவை கூட்டினேன். கருவிகளை நீராவியில் சுத்தம் பண்ணும் ஆட்டோகிளேவ் மறுபடி மக்கர்.

வாங்க வேண்டியது: கிளவுஸ் சின்ன சைஸ், பஞ்சு, கொப்பளிக்கிற கப், பிரஷ் போட்டுக் காட்டும் பொம்மைப் பல்லுக்குப் புது பிரஷ். எனக்கு ஒரு தலைக் கிளிப்.

நேற்று ஊரில் பெண் பார்த்தார்கள். என்னைத்தான். எழுமலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு தாய்மாமன், மூன்று பேர். மாப்பிள்ளை பெயர் தவசி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறார். பேச்சு ரொம்பக் கம்மி.

அவர் அம்மா என்னை உட்காரவைத்து, "ஒருக்கா சிரி தாயி, பாப்போம்" என்றார். சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது.

மேல் வரிசையில் முன்னால் ஆறு பல்லிலும் பழுப்புப் பட்டை. எங்கள் தெரு முழுக்க இதே பல்தான். ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பு. ஈறுக்குள் இருக்கும்போதே கறை பிடித்து, கறையோடுதான் முளைத்தது. தேய்க்காததால் வந்தது இல்லை, இல்லை, இல்லை. இந்த வயசில் எனக்கு ஒரு சொத்தை கிடையாது, ஒரு அடைப்பு கிடையாது. கிளினிக்குக்கு வருகிற எத்தனை வெள்ளைப் பல்காரர்களுக்கு, சொத்தையைப் பிடுங்கிய பிறகு கடித்துக்கொள்ள, நான் பஞ்சு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை பல் பளிச். ஆனால் வடையைக் குருவிக்குப் போடுகிற மாதிரிப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார். அப்பா, "வாய் நெறையச் சாப்பிடுங்க மாப்ள" என்றார். கூச்சம் போல.

ஜூலை 16, புதன்

மத்தியானம் அம்மா போன். பெண் பிடித்திருக்கிறதாம். ஆவணியில் நிச்சயம். ஒரே ஒரு காரியம்.

"ஆறு பல்லுக்கும் கேப்பு போட்டுறச் சொல்றாக. நீ வேலை பாக்குறதே பல்லு ஆஸ்பத்திரி. ஒனக்கென்ன கஷ்டம்?"

அங்கே வேலை பார்ப்பதுதான் கஷ்டம். கேப் போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பல்லைச் சுற்றிலும் ராவி, பென்சில் முனை போலக் கூராக்கி, அதன்மேல் மாட்டுவார்கள். ராவும்போது உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது நான். அந்தப் பொடி வாசனை, முடி கருகுகிற வாசனை, மாஸ்க்கையும் தாண்டி வரும். உடைந்த பல்லுக்கு, வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு, சரி. என்னுடையது கல்லு மாதிரி இருக்கிறது. எதற்கு?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன் அம்மாவிடம். யோசிக்க ஒன்றும் இல்லை. போனை வைக்க ஒரு சாக்கு.

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. துணி ஊறப்போட்டது வீண்.

ஜூலை 17, வியாழன்

ஆடி 1. கூட்டம் இல்லை. டாக்டரம்மாவிடம் கல்யாணம், கேப் எல்லாம் சொன்னேன். (இனி டா. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) அவருடைய கிளினிக், நான் ஆறு வருஷமாக அவருக்கு உதவியாள். டா. கண் மலர்ந்துவிட்டது.

"அட, சொல்லவே இல்ல! ஆறும் நானே போட்டுத் தாரேன் மாரி. என் கல்யாணப் பரிசு."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். சத்தம் போட்டுவிட்டேன். "நல்ல பல்லுல கை வைக்கக் கூடாதுன்னு தெனம் நீங்கதானே மேடம் பேஷன்ட்டுகிட்டச் சொல்றீக? எனக்கு மட்டும் வேற பாடமா?"

டா. சாயங்காலம் வரை "அதை எடு, இதை எடு" மட்டும்தான். கிளம்பும்போது சொன்னார்: "நீ சொன்னது சரிதான். ராவாம லேசா மெருகு போட்டுப் பாக்கலாம், கறை கொஞ்சம் மங்கும். அவுங்க கேக்குற வெள்ளை வராது. அதுவும் நீ ஆசைப்பட்டா மட்டும்."

ஆசைப்பட்டால் செய்துகொள்வேன். இப்போது ஆசை இல்லை. சீர்வரிசையில் ஒன்றாக என் பல்லைத் தரமாட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆரப்பாளையத்தில் இருந்து பஸ். உசிலம்பட்டி வரை நின்றுகொண்டே. ஊருக்குப் போனதும் அம்மா சண்டையை அடுப்பில் ஏற்றித் தயாராக வைத்திருந்தாள்.

"வந்த எடத்தையெல்லாம் தட்டி விட்டுட்டு எங்கூடவே கெடக்கப் போறியா?"

"கெடப்பேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்கும் இதே பல்லுதானம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அது அவள் பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்றைக்குத்தான் உறைத்தது. அவள் பல்லும் என் பல்லும் ஒன்று.

"நான் பொத்தியே காலத்தை ஓட்டிட்டேன். நீயாச்சும் நல்லா இருடின்னுதான் சொல்றேன்" என்றாள். பிறகு கறிவேப்பிலை ஆயப் போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுகை. பக்கத்தில் இருந்த ஆள் வாந்தி வருகிறதா என்று ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்.

ஜூலை 23, புதன்

தவசி போன் பண்ணினார். பேச வேண்டுமாம். சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குப் பக்கத்துப் புரோட்டாக் கடை. மார்க்கெட் முடிந்து நேராக வந்திருந்தார், சட்டைப் பையில் ஒரு பிச்சிப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை நான்.

"அம்மா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார்.

"வச்சுக்கிட்டேன்" என்றேன்.

புரோட்டா வந்தது. விரல் நகம் அளவுக்குப் பிய்த்தார். சால்னா வேண்டாம், தயிர் கொடுங்கள் என்றார். மதுரையில் புரோட்டாவுக்குத் தயிர்! கடைக்காரரே ஒருமாதிரி பார்த்தார். காரம் பட்டால் வாயெல்லாம் எரிகிறதாம். பேசும்போதும் வாய் பாதிதான் திறக்கிறது. வீட்டில் வடையைப் பிய்த்தது ஞாபகம் வந்தது.

"வாயைத் தொறங்க."

"இங்கனயா?"

"தொறங்க. மூணு வெரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி உள்ள விடுங்க."

கிளினிக்கில் எல்லோருக்கும் நாங்கள் செய்யச் சொல்வது. சாதாரணமாக மூன்று விரல் போக வேண்டும். இவருக்கு இரண்டு. மூன்றாவது உதட்டிலேயே நின்றுவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும்.

"எத்தனை வருசமாப் பாக்கு?"

தலை குனிந்துவிட்டது. ஏழு வருஷமாம். பொட்டலத்தில் வருகிற புகையிலைப் பாக்கு. விற்கத் தடை, அதனால் கடையில் தொங்காது, கேட்டால் உள்ளே இருந்து எடுத்துத் தருவார்கள். விடியும் முன்னே எடை போட நிற்க வேண்டும், தூக்கத்துக்கு அதுதான் மருந்து என்று ஆரம்பித்தது. வாய் இறுகுவது கடைவாய்ப் பல் முளைப்பதால் என்று நினைத்தாராம். அவர் அம்மாவுக்குத் தெரியாது. வாசனை வரக் கூடாது என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை பல் தேய்க்கிறார். அதுதான் அந்தப் பளிச்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் அதிகம். பாக்கு போட்டுப் போட்டு இப்படி வாய் இறுகி வந்தவர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாள் நான் கிளினிக்கில் இருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

வேலையில் கவனம் இல்லை. ஒரு பாட்டிலை உடைத்தேன்.

கட்டிக்கொள்ளப் போகிறேனா என்றே தெரியாத ஆளுக்காக எதற்கு இவ்வளவு? தெரியவில்லை. பூ ஒட்டிக்கொண்டிருந்ததே, அதனாலா. சீ.

மத்தியானம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஒன்று, என் பல் என் பல்லாகவே இருக்கும். இரண்டு, சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிளினிக்குக்கு வர வேண்டும். மூன்று, பாக்கை விட்டு ஆறு மாசம் ஆகாமல் தாலி கிடையாது, ஆவணியில் நிச்சயம் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் தை கடைசியில்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

வைத்துவிட்டார்.

ஜூலை 26, சனி

வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொரு மணி, வரவில்லை. பன்னிரண்டு. ஒன்று. நாற்காலியை நான்கு தடவை துடைத்தேன். டா. பாதி ஆப்பிள் கொடுத்தார். முன்பல்லால் கடித்துத் தின்றேன், நறுக்கென்று, வேண்டுமென்றே சத்தமாக.

போகட்டும். வராதவன் வராமலே இருக்கட்டும். என் வாய் நன்றாகத்தான் திறக்கிறது.

ஜூலை 28, திங்கள்

வந்தார். அம்மாவோடு.

நான் ஒரு குழந்தைக்குப் பொம்மைப் பல்லில் பிரஷ் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ("மேலயும் கீழயும், ராத்திரியும் தேய்க்கணும், சரியா?" "ராத்திரி தூக்கம் வருதே." "எனக்கும்தான் வரும்.") நிமிர்ந்தால் வாசலில் இரண்டு பேர். அவர் அம்மா கண் வீங்கியிருந்தது. சனிக்கிழமைதான் தவசி பாக்கு விஷயத்தைச் சொன்னாராம், அன்றைக்கு முழுக்க வீட்டில் இதே சண்டைதானாம்.

டா. உள்ளே பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, கயிறு கயிறாக இறுகியிருந்தது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேலில் அளந்தார், நான் எழுதினேன். பாக்கை இன்றைக்கே விட வேண்டும், ஊசி போட வேண்டும், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பழையபடி முழுக்கத் திறக்குமா என்று அவர் அம்மா கேட்டார். டா. பூசி மெழுகவில்லை. "முழுசா வருமான்னு சொல்ல முடியாதும்மா. இதுக்கு மேல மூடாமப் பாத்துக்கலாம். நல்ல வேளை, இப்பவே வந்தீங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று முட்டாள்தனமாக நினைத்தேன்.

"எம்மயன் வாய்க்குள்ள என்ன இருக்குன்னு பெத்தவ எனக்குத் தெரியல. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"என் பொழப்பே அதுதான் அத்தை."

"அப்ப ஒம் பல்லு? அது அப்படியேதான் இருக்குமா?"

"அப்படியேதான் இருக்கும்."

"ம்" என்றார். அவ்வளவுதான். தவசி நாற்காலியில் சாய்ந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உறிஞ்சுகுழாயை எடுத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தினம் காலையில் தவசி போட்டோ அனுப்புகிறார். பயிற்சிக்கு டா. ஐஸ் குச்சி கொடுத்திருக்கிறார், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் அடுக்க வேண்டும். பதினைந்து நிற்கிறது. பதினாறாவது போகவில்லை. போட்டோவில் கண்ணில் தண்ணீர். வலியா, பாக்கு இல்லாத எரிச்சலா, தெரியாது. நேற்று கடை முதலாளியிடம் காரணமே இல்லாமல் கத்தினாராம்.

"நாலு நாள் ஆச்சு" என்று எழுதியிருந்தார்.

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. டா. படிக்கும்போது நான் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தவசிக்குப் போன் போட்டால் பின்னால் மார்க்கெட் சத்தம். மூன்று தடவை சொன்ன பிறகுதான் கேட்டது.

கிளவுஸ் வந்துவிட்டது. பெரிய சைஸ் அனுப்பியிருக்கிறான், கடன்காரன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அம்மா: "கல்யாணத்தைத் தள்ளி வச்சவளும் நீதானாம். பல்லு முடியாதுன்னவளும் நீதானாம். எங்க இருந்துடி வந்துச்சு இம்புட்டுத் தைரியம்?"

ஒங்கிட்ட இருந்துதான், நீ முந்தானைக்குள்ள வச்சிருந்தியே, என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வா, நிச்சயத்துக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்றேன்.

தவசிக்குப் பதினாறு குச்சி, இன்று. இடுக்கி இடுக்கி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு பழையபடி வெயில். நிச்சயத்துக்குத் தவசியின் கூட்டாளிகள் எங்கள் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் வைக்கிறார்களாம், தடுக்க முடியாது. மாட்டுத்தாவணிப் பக்கம் ஸ்டூடியோ. நான், அம்மா, தவசி, அவர் அம்மா. நீலப் புடவை. கிளிப் வாங்க மறந்தே போனேன், அம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள்.

விளக்கெல்லாம் போட்டு நிற்கவைத்தான் ஸ்டூடியோக்காரன். நான் சிரித்தேன். கேமராவை இறக்கிவிட்டான்.

"அக்கா, வாயை மூடி லேசாச் சிரிங்க."

"வராது."

"சரி, பரவால்ல. கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கிருவோம்."

"ஆக்கக் கூடாது. ஒரு புள்ளி மாறுச்சுன்னா போட்டோவே வேணாம்."

அவன் என்னை விட்டுவிட்டு, பின்னால் பெஞ்சில் இருந்த தவசியின் அம்மாவைப் பார்த்தான், பெரியவர்கள் ஏதாவது சொல்லட்டும் என்று. இங்கேயே சம்பந்தத்தை அறுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கூடத் தோன்றியது. என் அம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தவசியின் அம்மா மகனைப் பார்த்தார். தவசி சிரிக்க முயன்றுகொண்டிருந்தார், இரண்டு விரல் அளவுக்கு. பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"எடுய்யா, அப்படியே எடு" என்றார். "அவளுக்காச்சும் வாய் தொறக்குது."