தாடைக்குத் தகடு உண்டா?

மஸ்கட்
2.7.2004

அன்புள்ள பாண்டிலட்சுமிக்கு,

நீயும் பிள்ளையும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு வாரமாகப் போன் பண்ணவில்லை என்று கோபப்படாதே. கீழ்த்தாடை ஈறில் ஒரு கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள். தையல் போட்டிருப்பதால் பேச்சு குழறுகிறது. கேட்டால் பயந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். அச்சு மெஷின் ஓட்ட வாய் தேவையில்லை, வேலைக்குப் போகிறேன்.

கட்டி நெல்லிக்காய் அளவுதான். டாக்டர் மலையாளி, தமிழ் பேசுவார். "இது கேன்சர் இல்ல. ஆனா எடுத்த எடத்துலயே மறுபடி வளரலாம். இந்த மாதிரிக் கட்டி ரொம்ப அபூர்வம்" என்றார். எதனால் வந்தது என்றேன். தெரியாது என்றார். நான் வெற்றிலை, புகையிலை தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இருந்திருந்தால் விட்டுத் தொலைக்கலாம். இப்போது எதை விடுவது?

அறையில் இருக்கும் சாத்தூர் கண்ணுச்சாமி அண்ணன், "ஏலே, கேன்சர் இல்லேன்னா பெறகு எதுக்குலே ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்றாக?" என்கிறார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. நான் நோயாளியா, குணமானவனா?

ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போனால் எனக்காக ஒரு வெள்ளித் தகடு வாங்கி மாரியம்மன் உண்டியலில் போடு. கண், கை, கால் எல்லாம் கடையில் இருக்கும். தாடைக்கு உண்டா என்று கேள். இல்லையென்றால் முழு முகமாகவே வாங்கிவிடு.

பதினோராம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். சத்தமே வரவில்லை என்று வைத்துவிடாதே, நான்தான். நீ பேசிக்கொண்டே இரு.

மணிமுத்து