நண்டுச் சீட்டு

ஜூன் 9, திங்கள்

மோனியின் கவுன் பையில் மறுபடியும் ஒரு சீட்டு. துவைக்கப் போடும்போது கையில் சிக்கியது. பீடி மாதிரி இறுக்கிச் சுருட்டியிருக்கிறது. பிரித்தால் எழுத்து எதுவும் இல்லை. பேனாவில் வரைந்த ஒரு நண்டு மட்டும். பெரிய ஆள் கை. போன வாரம் வந்த சீட்டிலும் இதே நண்டுதான்.

நாலரை வயதுப் பிள்ளையின் பையில் யார் இதை வைப்பது? அவளைக் கேட்டுப் பயனில்லை. செல்போன் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏ முதல் இசட் வரை கடகடவென்று ஒப்பிப்பாள். கலர் பெயரெல்லாம் இங்கிலீஷில் சொல்வாள். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப் போவாள். அம்மா, நைனா, தா. சொந்தமாக அவள் சொல்வது இந்த மூன்றுதான்.

ஜூன் 10, செவ்வாய்

கம்பெனி வேனில் மீஞ்சூர் போகிற வழியெல்லாம் சீட்டு ஞாபகம். பேக்கிங்கில் இரண்டு முறை லேபிள் மாற்றி ஒட்டி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சிவகுமார்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஏரியில் இறால் வலை வைக்கப் பாடு முறை. பாடு உள்ளவன் அன்றைக்கு வலை வைப்பான், மற்றவன் கரையில் குந்தியிருப்பான். யாருக்கு எந்த நாள் என்று சீட்டுப் போடும்போது ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். போன தடவை தனக்கோடி அக்கா மகள் எடுத்தாள். நல்ல நாள் விழாதவர்கள் ஒரு மாதம் அந்தப் பிள்ளையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வாய் பேசாத பிள்ளை என்றால் இன்னும் வசதி, வெளியே சொல்லாது. நண்டுச் சீட்டையே பார்த்து எடுக்க மோனியைப் பழக்குகிறார்களோ?

சிவகுமாரிடம் நேராகவே கேட்டேன். "இன்னாடி கோமளா, உனுக்கு வேற வேலையே இல்லியா" என்று சிரித்தார். சிரிப்பு சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

நான் வீட்டுக்குள் நுழையும்போது சவுக்குக் குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு முழம்தான். என்னைப் பார்த்ததும் சாக்கை இழுத்து மூடினார்.

இவ்வளவு சின்னக் கழியில் எந்த வலையைக் கட்டுவது?

ஜூன் 14, சனி

அங்கன்வாடி ஜெபசெல்வி டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தேன். மோனிக்கு இன்னா சொல்லிக் குடுக்கறீங்க என்று கேட்டேன். "வெளாடுறாம்மா. நல்லா வெளாடுறா" என்றார். அதைச் சொல்ல ஒரு டீச்சர். பையில் சீட்டு வருதே என்றேன். "அதுவா, அது வெளாட்டு சாமான்தான். ஒருநாள் லீவு போட்டு வந்து பாரேன்" என்று சொல்லிவிட்டு மீன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் ஒரே பாட்டு. பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் இதைத்தான் சொன்னார். காது நன்றாக இருக்கிறதாம், நாக்கு நன்றாக இருக்கிறதாம். செல்போனை எடுத்து வையுங்கள், மூன்று மாதம் மற்ற பிள்ளைகளோடு மண்ணில் விளையாட விடுங்கள், பிறகு கூட்டி வாருங்கள். மருந்து இல்லை, டானிக் இல்லை. இவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறார்களா? விளையாடினால் பேச்சு வருமென்றால் கரையில் சுற்றுகிற நாய்க்கெல்லாம் வந்திருக்க வேண்டும்.

பொன்னேரி இங்கிலீஷ் பள்ளியில் எல்கேஜிக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறதாம். ஏ பி சி டி சொன்னால் போதும், எடுத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

மூன்றாவது நண்டு.

ஜூன் 18, புதன்

லீவு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அங்கன்வாடிக்குப் பின்னால் பழைய வலை போட்டு வைக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் நின்று தட்டி ஓட்டை வழியாகப் பார்த்தேன். திருடி மாதிரி. இருக்கட்டும்.

பார்த்தேன். எல்லாம் பார்த்தேன்.

சவுக்குக் குச்சிகள் அங்கேதான் இருந்தன. மண்ணில் ஊன்றி, கிழிந்த வலைத் துண்டைக் கட்டியிருந்தார்கள். டீச்சர் ஒரு கை வேப்பங்கொட்டையை மண்ணில் இறைத்தார். அதுதான் இறாலாம். இரண்டு பையன்கள் வலையை இழுத்தார்கள். ஒருவனுக்குக் காற்று எதிர்க்காற்றாம், தள்ளாடுகிறான். மற்றப் பிள்ளைகள் கரையில் வரிசையாகக் குந்தி, அன்னக்கூடையை வைத்துக்கொண்டு, "இன்னா கெடச்சுது, இன்னா கெடச்சுது" என்று கத்துகிறார்கள்.

என் பிள்ளை கடைசியில். கத்தவில்லை. கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வலையையே பார்த்திருக்கிறாள். முக்கால் மணி நேரம். ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு பையன்கள் மட்டும் வலை இழுத்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பொட்டப் புள்ளைக்குப் பாடு இல்ல. அதைத்தான் இந்த வயசிலேயே வெளாட்டுனு சொல்லிக் கத்துக் குடுக்கறாங்க. எங்க நைனாவுக்கு நாங்க மூணும் பொண்ணு. அவர் செத்த வருஷமே அவர் பாடும் போச்சு. அன்னிக்கு நைனா படகைக் கரைக்கு ஏத்திக் கவுத்தாங்க. நான் பக்கத்துலயேதான் நின்னேன், யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இப்ப எம் பொண்ணும் கூடையோட குந்தணுமா?

கொட்டகையை விட்டு வெளியே வந்து டீச்சரிடம் கேட்டே விட்டேன், பிள்ளைகள் எதிரிலேயே. எம் பொண்ண எதுக்கு ஒதுக்கி வெச்சிருக்கீங்க?

"ஒதுக்கலம்மா" என்றார். "பன்னெண்டு பிள்ளைங்க, ஒரு நாளைக்கு ரெண்டு பேரு. மொத தடவ சீட்டு எடுத்து முறை போட்டோம். நண்டு மோனியோட அடையாளம். பாடு வர்ற வாரம் அவங்கவங்க சீட்ட பையில வெச்சு அனுப்புவோம். அவ பாடு நாளைக்கு. ஏப்ரல் முழுக்க அடுத்த புள்ள வலையப் புடுங்கினா, கடிச்சா. இப்பதான் காத்திருக்கா."

நாளைக்கு. எப்போதும் நாளைக்குத்தான். எங்கள் அம்மாவுக்கும் ஊரார் அப்படித்தான் சொன்னார்கள், நாளைக்குப் பேசி முடிவு சொல்கிறோம் என்று. நம்பவில்லை. மோனியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

எப்படி எழுதுவது.

காலையில் புதுக் கவுன் போட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கன்வாடிப் பக்கம் இழுத்தாள். காலை ஊன்றி, மண்ணில் உட்கார்ந்து, முழு பலத்தோடு இழுத்தாள். முதுகில் ஒன்று வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பேருந்து கிளம்பிவிட்டது. ஜன்னல் சீட்டு. அவள் என் மடியில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ம்மா. இன்னிக்கு என் பாடு."

நாலரை வருஷம் நான் காத்திருந்த பேச்சு. மூன்று சொல். யாரும் ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்காத மூன்று சொல். என் காதில் விழுந்தது, அர்த்தமும் புரிந்தது. ஆனாலும் நான் இறங்கவில்லை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களே என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். ஏன் இறங்கவில்லை? ஏன்டீ எறங்கல?

பள்ளியில் வாயே திறக்கவில்லை. ஏ கூடச் சொல்லவில்லை. படத்தைக் காட்டினார்கள், கலர் கேட்டார்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

திரும்பி வரும்போது மணி மூன்று. அங்கன்வாடி பூட்டியிருந்தது. மோனி கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். குச்சிகளைப் பிடுங்கி மூலையில் சாய்த்திருந்தார்கள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

டீச்சரிடம் போய் நின்றேன். இன்னிக்கு ஒருநாள் அவளுக்குக் குடுங்க டீச்சர், தப்பு எம்மேலதான் என்றேன். "இன்னிக்கு வேற பிள்ளைங்க பாடும்மா. அவங்களும் காத்திருந்துதான் வந்திருக்காங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நியாயம்தான். தவறிப்போன பாடு என்றால் ஏரியிலும் திருப்பித் தர மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? அன்றைக்குப் பாடு இல்லாதவன் கரையில் குந்துவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என் பிள்ளை குந்தியபோது மட்டும் எனக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

இவரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாக்கை விலக்கிக் காட்டினார். மீதிக் குச்சிகள். டீச்சர் கேட்டாராம். ஏன் மறைச்சே என்றேன். "சொன்னா வெளாட்டுக்கு எதுக்குக் குச்சி, எழுதப் பலகை வாங்கினு வானு சொல்லுவ." சொல்லியிருப்பேன்.

ஜூன் 23, திங்கள்

ஒரு வார்த்தை இல்லை. தா கூட இல்லை. செல்போனைக் கொடுத்துப் பார்த்தேன், தள்ளிவிட்டாள். நான் கேட்டது நிஜமா? பேருந்துச் சத்தத்தில் நானே நினைத்துக்கொண்டேனா?

ஜூன் 25, புதன்

அங்கன்வாடிக்குப் போகிறாள், கடைசியில் குந்துகிறாள், வருகிறாள். சாயங்காலம் என் விரலைப் பிடித்து மடக்கினாள். ஒன்று, இரண்டு. இரண்டோடு நிறுத்திவிட்டாள். என்ன கணக்கு இது?

படுக்கப் போகும்போதுதான் தோன்றியது. சனி ஞாயிறு போக ஆறு நாளைக்கு ஒரு முறை என்றால், அவளுடைய அடுத்த பாடு வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டு நாள்.

ஜூன் 27, வெள்ளி

மோனியின் பாடு. சூப்பர்வைசரிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இவரும் கடைசிக் குச்சிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தோளில் வலைத் துண்டோடு நடுவில் நின்றாள். கூட இழுத்தவன் இளவழகன் என்கிற குட்டிப் பயல். அவன் அவசரப்பட்டு முடிச்சை அவிழ்த்துவிட்டான். கடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "புடி. நீ புடி. நான் கட்றேன்" என்றாள். கட்டினாள். மூன்று வேப்பங்கொட்டை விழுந்தது. கரையில் இருந்தவர்கள் இன்னா கெடச்சுது என்று கத்த, "எறா. பெரிய எறா" என்று இவளும் கத்தினாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வலையின் ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. பிடித்துக்கொடுக்கலாம் என்று எழுந்து போனேன். மோனி கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"இன்னிக்கு உனுக்கு இல்ல. குந்தும்மா. உன் பாடு வரும்."

இத்தனை வயதில் என்னிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. போய்ப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகக் குந்தினேன். டீச்சர் ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, எனக்கு என்ன வரையட்டும் என்று கேட்டார். படகு என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று, என் பாடு எந்த நாள் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.