அத்தா அனுப்பிய இடக்கை மௌஸ்

அன்புள்ள அத்தாவுக்கு,

சாய்மாவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க துஆ செய்கிறேன். அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? நான் நலம்.

நீங்கள் அனுப்பிய இடக்கை மௌஸ் வந்து சேர்ந்தது. தரமணி ஆபீஸில் எங்களுக்கு மேக் லேப்டாப். நம் வீட்டு விண்டோஸ் பழக்கத்தில் சக்கரத்தைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே ஓடுகிறது! அதுவும் என் முதல் டிசைனை மேனேஜருக்குக் காட்ட வேண்டிய நாளில். வேலை நிரந்தரமாவதே அதைப் பொறுத்துத்தான். செட்டிங்கை மாற்றினேன். மௌஸ் சரியானது, ஆனால் டச்பேட் தலைகீழாகிவிட்டது.

"இன்னாம்மா, மக்கர் பண்ணிக்கினு கீதா?" என்று பக்கத்து சீட் லாரன்ஸ் அண்ணன் வந்தார். இரண்டுக்கும் தனித்தனித் திசை வைக்கும் சின்ன சாப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். இப்போது இரண்டும் சொன்னபடி கேட்கின்றன. டிசைன் மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. கவலைப்படாதீர்கள்.

ஹாஸ்டலில் கண்ணாடி மேசை, அதில் மௌஸ் ஓடாது. அடியில் விரிக்க அம்மாவின் பழைய புடவைத் துணி கொஞ்சம் அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

சின்ன வயதில் நான் பேனாவைத் தொட்டாலே, "பீச்சாங்கைய எடு!" என்று அதட்டுவீர்கள். அந்தக் கைக்கென்றே தேடிப்பிடித்து மௌஸ் வாங்கியிருக்கிறீர்கள். சாப்பிடுவது சோத்துக்கையால்தான், நம்புங்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை போனில் ஒரு தடவை அதட்டுங்கள் அத்தா. கேட்டு எட்டு மாதமாகிறது.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் சாய்மா